விக்கிற வண்டியா, வெச்சிக்கிற வண்டியா?

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். கார்தான் நலமாக இல்லை.

அம்மா நம்மை விட்டுப் போன பிறகு, ஓட்டத் தெரியாத மனுஷனுக்குக் கார் எதற்கு, விற்றுவிடுங்கள் என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க நீ ஏற்பாடு செய்த ஆளுக்காக வண்டியைத் துடைத்து வைத்தேன். சாவியைத் திருகினால் இருமுகிறது, குலுங்குகிறது, படுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஸ்பார்க் ப்ளக் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கடையில் போய்க் கேட்டால் சாதா, பிளாட்டினம், இரிடியம் என்று மூன்று தினுசு. சாதா சீக்கிரம் தேய்ந்துவிடுமாம், பிளாட்டினம் இன்னும் கொஞ்ச காலம் வருமாம், இரிடியம் போட்டால் வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாமாம். எது நல்லது என்றேன். "விக்கிற வண்டியா, வெச்சிக்கிற வண்டியா? விக்கிறதுன்னா சாதாவே போதும் சார்" என்றார் கடைக்காரர். சாதாவையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் வந்து பழைய ப்ளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "இது இரிடியம் சார், புதுசு. அம்மாதான் கேட்டுப் போடச் சொன்னாங்க, இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்லன்னாங்க" என்றார். ஒரு சீப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவள், பத்து வருஷத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறாள் பாரு. "கரி பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். யாரோ தினமும் ஸ்டார்ட் பண்ணி உடனே அணைச்சிருக்காங்க. இன்ஜின் நல்லா சூடானாத்தான் கரி எரியும்." யாரோ என்ன யாரோ, நான்தான். அம்மா ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்துக்குப் போய், வழக்கமாக நான் உட்காருகிற பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து, எட்டிச் சாவியைத் திருகி, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவேன். அது இல்லேன்னா எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது, என்ன செய்யச் சொல்றே? மெக்கானிக் அதே ப்ளக்கைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டுப் போனார்.

வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. நீ சொன்னபடியே விற்றுவிடலாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளை வர வேண்டாமென்று சொல்லிவிடு. வெச்சிக்கிற வண்டி என்று சொல்லி, சாதா ப்ளக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்தாயிற்று. இன்ஜின் சூடாகிற வரைக்கும் யாராவது ஓட்டியாக வேண்டுமே. இன்று முதல் தடவையாக அம்மா சீட்டில் உட்கார்ந்தேன். முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளச் சொன்னார், அந்த வழியாக வந்த மெக்கானிக். தள்ளவில்லை. இடிக்கட்டும்.