மாமாவுக்கு முதலிடம் கொடுத்த வினை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் தலை குனிந்து எழுதுவது. இங்கு நாங்கள் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும் அருகதையைச் செவ்வாய்க்கிழமை இழந்துவிட்டதால், அதை உங்கள் மகள் தனியே விசாரித்துக்கொள்வாள்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த உங்களை, நான் மென்பொருள் எழுதிய ஆஸ்பத்திரியிலேயே, முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியோடு, வெறும் வயிற்றில், பகல் முழுக்கத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தது யந்திரக் கோளாறு அல்ல, என் பாசக் கோளாறு. அந்த மென்பொருள் ஒரே ஆள் இல்லை மாமா, கூட்டுக் குடும்பம். பதிவுக்கு ஒரு பகுதி, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, ஆபரேஷன் அரங்குக்கு ஒன்று. ஒன்றிடம் ஒன்று எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். யாருக்கு முதலில் பதில் என்று வரிசைப்படுத்துவதுதான் என் வேலை. பதில் தாமதமானால் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார் என்றுதான் எழுதியிருந்தேன். மாமனாரை ஓரமாக வைக்கலாமா? உங்கள் பெயர் வந்தால் பதில் கிடைக்கும்வரை வேறெதையும் தொடாதே என்று ஒரு வரி சேர்த்தேன். அன்று அரங்கு, ரத்த முடிவைக் கேட்டது. பரிசோதனைப் பகுதி, கட்டில் எண் தெரியாமல் தரமாட்டேன் என்று பதிவிடம் கேட்டது. பதிவோ, நேரம் குறித்தால்தான் கட்டில் என்று அரங்கிடமே கேட்டது. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி மூன்றும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்து நின்றன. பின்னால் ஆஸ்பத்திரியே நின்றது.

மூத்த நர்ஸ் வந்து, "பிரசவம் முடிஞ்ச பொண்ணு வீட்டுக்குப் போக முடியாம கைக்குழந்தையோட நிக்குது. யாரு சார் இந்த வேலையப் பாத்தது?" என்றார். "பாக்கறேம்மா" என்றேனே தவிர, நான்தான் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அந்த வரியைத் தேடி அழித்து, எல்லாம் நகரத் தொடங்கியபோது டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். நீங்களும் ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அத்தைக்கு என் வணக்கம். ஆசீர்வாதம் கேட்க எனக்கு முகமில்லை. மன்னிப்பு ஏதும் மிச்சமிருந்தால் அதை அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மகள் அத்தையோடு போனில் பேசிவிட்டு வந்தாள். நீங்கள் வீட்டுக்குப் போனதும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "கத்தி வைக்கப் போறாங்கன்னு உசுரு போயி உக்காந்திருந்தேன். மாப்பிள்ளை தங்கம். அடுத்த தடவையும் இதே மாதிரி பாத்துக்கச் சொல்லு" என்றீர்களாமே. திங்கட்கிழமை காலையில் ஆபரேஷனுக்கு அழைத்துப்போக நானே காரோடு வருகிறேன். தயவுசெய்து கதவைத் திறக்கவும்.