பட்டப்படிப்புக்குச் சாதகம் பார்த்த கதை

சந்தேகப்படாமல் ஒரு நாளைக் கழித்ததாக எனக்கு நினைவில்லை. மீன்காரர் சிரித்தால் பாரையின் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மாரி மேகம் நேரத்துக்கே வந்துவிட்டால், உனக்கு இங்கே என்ன அவசரம் என்று அண்ணாந்து கேட்பேன். இந்தக் குணத்தால் என் மகள் நிலானியின் பட்டப்படிப்பையே கவிழ்க்கப் பார்த்தேன்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு ஒரு நாள், சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்.

"அம்மா, மனேஜ்மென்ட் வேண்டாம். கற்றல் குறைபாடு இருக்கிற பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற டிகிரிக்குப் போட்டிருக்கிறன். சனிக்கிழமை இன்டர்வியூ."

"உதுக்கும் ஒரு டிகிரியோ?"

"ஓம். என்னோடை படிச்ச சுகந்தியை நினைவிருக்கே? ஒரு கதை சொன்னால் அப்பிடியே திருப்பிச் சொல்லுவாள். எழுத்துக் கூட்டத்தான் வராது. மொக்கு, மொக்கு எண்டு சொல்லியே பள்ளிக்கூடத்தை விட வைச்சவை. அவளுக்குப் படிப்பிக்கத் தெரிஞ்ச ஒராள் இருந்திருந்தால்..."

சுகந்தியை நினைவிருந்தது. ஆனாலும் மனம் அடங்கவில்லை. படிப்பு புதிது, கட்டடம் புதிது. துண்டுப் பிரசுரத்தில் அதற்குப் பொறுப்பான இளம் விரிவுரையாளர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். (விரிவுரையாளருக்கு என்ன சிரிப்பு?)

பட்டப்படிப்பை எப்படி விசாரிப்பதென்று எனக்குத் தெரியாது. தெரிந்தது மாப்பிள்ளை விசாரணை மட்டுந்தான். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் ஒன்று வந்தால், சத்தமில்லாமல் போய், மாப்பிள்ளை வீட்டுக்கு முன்கடையில் சோடா குடித்தபடி எல்லாவற்றையும் கறந்துகொண்டு வருவோம். செவ்வாய்க்கிழமை கரவெட்டியில் பஸ் ஏறிப் போய், அந்தப் புதுக் கட்டடத்துக்கு முன்னாலிருந்த கடையில் ஒரு சோடா வாங்கினேன்.

"அண்ணை, முன்னுக்குப் படிப்பிக்கிற உந்தச் சேர் எப்பிடியான ஆள்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"தங்கமான பிள்ளை. ஏன் தங்கச்சி?"

"எங்கடை மகளின்ரை விசயமாத்தான். கனடா, லண்டன் எண்டு பறக்கிற யோசினை ஏதும் இருக்கோ?" (அவர் பறந்தால் படிப்பை இழுத்து மூடிவிடுவார்களே!)

"சீச்சீ! தாயை விட்டிட்டுப் போகமாட்டான்."

"குடி, கிடி?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகுந்த அன்போடு என் பெயர், ஊர், ஒழுங்கை எல்லாம் கேட்டார். எதையும் சந்தேகிக்கும் நான் அதைச் சந்தேகிக்கவில்லை. சொன்னேன்.

வியாழக்கிழமை வாசலில் ஓட்டோ நின்றது. பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா இறங்கினார். ஒரு கையில் கதலிவாழைச் சீப்பு, மறு கையில் கடித உறை.

"நான் அந்தச் சேரின்ரை தாய். நீங்கள் மகனைப் பற்றி விசாரிச்சனீங்களாம். பிள்ளையின்ரை விபரம் பாக்கலாமோ?"

வீடு வீடாக வந்து ஆள் சேர்க்கும் படிப்பு உருப்படுமா என்று நினைத்தபடியே, பெறுபேற்றுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"படிப்பு எங்களுக்குப் பெரிசில்லை. குணமான பிள்ளையா இருந்தால் காணும்."

படிப்புப் பெரிதில்லாத பட்டப்படிப்பு! மோசடிதான் என்று முடிவு கட்டினேன். அவர் உறையைப் பிரித்துச் சாதகத்தை எடுத்தார்.

"உதுக்குச் சாதகமும் பாக்கிறனீங்களோ?"

"பாக்காமல்? செவ்வாய்க் குற்றம் இருந்தால்?"

அப்போதுதான் நிலானி தேத்தண்ணியோடு வந்தாள். அந்த அம்மா அவளை வாஞ்சையோடு பார்த்து, "மகன் உறைப்புக் குறைச்சுத்தான் சாப்பிடுவான், பிள்ளை" என்றார். அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் விளங்கியது.

மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தோம். "பழம் நல்ல பழம்" என்றார் என் கணவர். நிலானி அழுதாள்.

"இன்டர்வியூவிலை அவர்தானே இருப்பார். என்னெண்டு முகத்தைப் பாக்கிறது? இது போனால் மனேஜ்மென்ட்தான். உங்களுக்குச் சந்தோசமோ?"

சனிக்கிழமை அவளோடு நானும் போனேன். அவள் உள்ளே போன மறுகணம் அந்த இளம் விரிவுரையாளர் காதெல்லாம் சிவக்க வெளியே வந்தார். "இந்தப் பிள்ளையை நான் கேள்வி கேக்கிறது முறையில்லை" என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு, நடையிலிருந்த ஒரே நீட்டு மர வாங்கில் உட்கார்ந்தார். (மறு அந்தத்தில் நான்.) இருவரும் எதிர்ச் சுவரை மனப்பாடம் செய்தோம்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது.

"பத்துத் தரம் சொல்லியும் ஒரு பிள்ளைக்கு விளங்கேல்லை எண்டால் என்ன செய்வீர்?"

"பதினோராந் தரமும் அதையே சொல்லக்கூடாது, மிஸ். சொல்லுற விதத்தை மாத்த வேணும். எங்கடை அம்மாவோடை நாங்கள் அப்பிடித்தான் சீவிக்கிறம்."

உள்ளே வெடித்த சிரிப்பில் கதவே ஆடியது. வாங்கின் அந்தப் பக்கமும் குலுங்கியது. நான் உள்ளே போய் ஒளிய நிலந்தான் பிளக்கவில்லை.

இடம் கிடைத்தது. இப்போது சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். எழுத்து ஏறாத பிள்ளைகளை அரிசியில் விரலால் எழுதவைப்பாளாம். வீட்டில் நான் எதற்காவது முரண்டு பிடித்தால், "பிள்ளை, கொம்மாவுக்கு விதத்தை மாத்திச் சொல்லு" என்று என் கணவர் தொடங்கிவிடுவார்.

போன கிழமை பழைய ஸ்கூட்டரை விற்க நான் சம்மதிக்கவில்லை. நிலானி புடைக்கிற சுளகில் அரிசியைப் பரப்பி, விரலால் எழுதி, என் மடியில் வைத்தாள்: "ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா."

எழுத்து முத்து முத்தாக இருந்தது. எதற்காக இவ்வளவு வடிவாக எழுதினாள் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.