குப்பை வண்டிக்காகப் போட்ட நாற்காலிகள்

பெருமதிப்புக்குரிய அக்கா ஷூ-யிங் அவர்களுக்கு, கீலுங்கிலிருந்து தம்பி வென்-ஷான் தலைவணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி பி-யூனும் நலம், எங்கள் ஊர் மழையும் நலம். தைனான் வெயிலில் உன் இடுப்பு வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் டிவி பார்த்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கலாம். எங்கள் வார்டுத் தலைவி தூ அம்மாள் கோவில் கூடத்தில் கூட்டம் போட்டாள். "நம்ம சந்து உருப்படணும்னா நாமதான் இறங்கணும். யாருக்கு என்ன குறை, வாயத் திறந்து சொல்லுங்க!" என்றாள். எல்லோரும் அவரவர் தேநீரைப் பார்த்தார்கள். என் பிடரியில் கொசு கடித்தது, அடிக்கக் கையைத் தூக்கினேன். "வென்-ஷான் அண்ணன் பேசப்போறாரு!" என்று கைதட்டிவிட்டார்கள். எழுந்து நின்று, வாயில் வந்ததைச் சொன்னேன்: குப்பை வண்டி.

உனக்குத்தான் தெரியுமே, சாயங்காலம் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு மலைச் சந்தின் அடிவாரத்துக்கு வரும், அவரவர் பையை அவரவரே கொண்டுபோய்ப் போட வேண்டும். வண்டி எப்போதும் தாமதம், நாங்கள் மழையில் நிற்போம். என் மாடி வீட்டு சுவாங் அண்ணன் தனி ஆள், முட்டி போனவர், அவரால் நிற்க முடியாது. அதனால் இறங்குவதையே விட்டுவிட்டார். ஜன்னலிலிருந்து கயிற்றில் பையை இறக்குவார், நாங்கள் எடுத்துப் போடுவோம். மனுஷன் இருக்கிறாரா இல்லையா என்பதே எங்களுக்குப் பை இறங்கினால்தான் தெரியும். இதைச் சொன்னதும் தூ அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்கு ஒரு நாற்காலி கொண்டாங்க. வென்-ஷான் அண்ணன்தான் நாற்காலிக் குழுத் தலைவர்" என்று முடித்துவிட்டாள்.

வந்தன அக்கா, நாற்காலிகள்! கோவில் முக்காலி, முடிதிருத்தக் கடையின் சுழல் நாற்காலி, கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை ஆசனம் எல்லாம் வந்தன. பி-யூன் தன் பங்குக்கு, டிவிக்கு எதிரே நான் உட்காரும் நாற்காலியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். தார்ப்பாய் கட்டி, மதிலோரமாக என் ஜன்னல்வரை வரிசையாகப் போட்டேன். முதல் நாளே சுவாங் அண்ணன் ஒவ்வொரு மாடிப்படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார். சுழல் நாற்காலியில் ஏறி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏன்டா வென்-ஷான், நீ இன்னும் போய்ச் சேரலையா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைத் திட்டினேன்.

அதோடு நின்றிருக்கலாம். சனிக்கிழமை தைபெயிலிருந்து வந்த ஊர் சுற்றிகள், ஒரு கூட்டம் கையில் பையுடன் மழையில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். நம் நாட்டில் வரிசையைப் பார்த்துவிட்டு எவன் சும்மா போவான்? ஏதோ பேர்பெற்ற சாப்பாட்டுக் கடை என்று நினைத்து, கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் சுவாங் அண்ணனிடம், "மாமா, இங்க எது நல்லாயிருக்கும்?" என்று கேட்டாள்.

"அதுல என்னம்மா நல்லது கெட்டது? அவங்கவங்க வீட்டு ராசி."

"பை நாமளே கொண்டு வரணுமா?"

"பின்ன, வெறுங்கையிலயா அள்ளிட்டு வருவே? பாட்டு கேட்டதும் ஓடணும், பாத்துக்க. விட்டா நாளைக்குத்தான்."

பாட்டு கேட்டது. நாங்கள் ஓடினோம், அவர்களும் ஓடினார்கள். கண்ணாடி போட்ட ஓர் இளைஞன், எல்லோரும் பையைக் கொடுப்பதைப் பார்த்துத் தன் அன்னாசிக் கேக் பெட்டியைப் பையோடு வண்டிக்குள் போட்டுவிட்டான். வண்டி போன பிறகும், பதிலுக்கு ஏதோ தருவார்கள் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றான், பாவம்.

யாரோ போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் வரிசை பாலம்வரை போனது. தூ அம்மாள் அவசரக் கூட்டம் கூட்டினாள். "வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பினா நம்ம சந்துக்கே அசிங்கம்" என்றாள். சுவாங் அண்ணன் முட்டி போகும்வரை மீனுருண்டை சூப் விற்றவர் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வரவேண்டுமா? வரிசைக்கு அவரே சூப் போடட்டும் என்று என்னைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் அடுப்படி யாருடையது? என்னுடையது. இப்போது சூப் என் ஜன்னல் வழியாகப் போகிறது, கிண்ணங்கள் என் கட்டிலில் காய்கின்றன. "இது வீடா, ஓட்டலா?" என்று பி-யூனிடம் கத்தினேன். "வீடுன்னா கூடமாட வேலை செய்யணும், ஓட்டல்னா காசு குடுக்கணும். எது வசதி?" என்று கேட்கிறாள்.

இதில் பெரிய கொடுமை, நாற்காலியெல்லாம் வெளியூர்க்காரர்கள் கையில். நாங்கள் பழையபடி குப்பையோடு மழையில் நிற்கிறோம். சுவாங் அண்ணனோ உட்காருவதே இல்லை. "முட்டி வலிக்கலையா?" என்றால், "வலிக்குதுடா. அதைக் கவனிக்க எங்க நேரம்?" என்று கரண்டியால் என்னை ஒதுக்குகிறார்.

ஆகவே பதவியைத் தூக்கி எறிந்துவிட்டேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன், மிச்ச காலம் அங்கேதான். பின்கட்டு அறையை ஒழித்து வை. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ நூறாண்டு நோயின்றி வாழ மண்டியிட்டு வேண்டும்,

உன் தம்பி,
வென்-ஷான்

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒட்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை ஆசனத்தில் யார் என்று நினைக்கிறாய்? நீதான்! எட்டு வருஷமாகத் தம்பி வீட்டுக்கு வர நேரமில்லாதவள், சூப்புக்காக ரயிலேறி வந்திருக்கிறாய். கிண்ணமும் கையுமாக, "இந்தச் சந்துல வாடகைக்கு வீடு ஏதும் இருக்கா?" என்று தூ அம்மாளிடம் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கடிதத்தை நீட்டிக்கொண்டு ஓடி வந்தபோது, நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா?

"யாருப்பா அது, நடுவுல நுழையிறது? வரிசையில வா!"