தையற்காரரின் இடுப்பளவு

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"உள்ள இன்னும் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

கண்ணாடி முன்னால் தையற்காரர் கைகளைத் தூக்கியபடி, பிடிபட்ட திருடனைப்போல நின்றிருந்தார். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பைச் சுற்றி வந்த டேப், இன்றுதான் முதன்முறையாக முதலாளியைச் சுற்றியிருந்தது. அதன் இரு முனைகளும் மனைவி கையில்.

எல்லாம் டாக்டரால் வந்த வினை. நேற்று ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "உடம்புல கொழுப்பு இருபத்தஞ்சு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுலயே டேப் வெச்சு இடுப்பையும் கழுத்தையும் அளந்து கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார். அதோடு நிறுத்தாமல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"என்னைப் பாருங்க. பத்து வருஷமா இடுப்பு முப்பத்திநாலு. அளக்கிறவரே நீங்கதானே?"

"ஆமாமா, ஆமாமா" என்று தையற்காரர் தேவைக்கு மேலேயே தலையாட்டினார்.

கூடப் போன மனைவி அதை மனசில் முடிந்துகொண்டாள். "இருபத்தஞ்சைத் தாண்டுச்சுன்னா இனிமே உங்க டீயில சர்க்கரை கிடையாது" என்று வழியிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிற மனிதர். அந்த டீ இறங்காவிட்டால் அவருக்கு ஊசியின் காதே கண்ணுக்குத் தெரியாது.

காலையில் தானே அளந்து, "இடுப்பு முப்பத்தாறு, கழுத்து பதினஞ்சு" என்று அறிவித்தார். மகள் அதை உயரத்தோடு சேர்த்துக் கைபேசியில் தட்டினாள்.

"இருபத்தி மூணரைப்பா!"

அத்தோடு டம்ளரை நீட்டியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "ஒழுங்கா அளந்தா இன்னும் குறையும்" என்றார்.

மனைவி எழுந்து வந்தாள். "இது பேண்ட் நிக்கிற இடம். நீங்க என்ன பேண்ட்டா தைக்கப் போறீங்க? தொப்புளுக்கு நேரா வைக்கணும்."

தொப்புளுக்கு நேராக முப்பத்தெட்டு. கொழுப்பு இருபத்தேழு.

"மூச்சை விட்டுட்டு அளக்கணும்னு போட்டிருக்குப்பா" என்றாள் மகள். அந்த மூச்சைத்தான் அவர் விடமாட்டேன் என்றார். பேசாமல் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பார்? "டேப்பை இறுக்காதே" என்று வாயைத் திறந்தார். நாற்பது. கொழுப்பு முப்பது.

"கழுத்தாவது தடிமனா இருக்கேன்னு சந்தோஷப்படு" என்று டேப்பை வாங்கிக் கழுத்தில் சுற்றிக் காட்டினார் பாவம். கழுத்து தடித்தால் கொழுப்புக் கணக்கு குறையும் என்று மகள் சொல்லியிருந்தாள்.

மகள் கழுத்தை எட்டிப் பார்த்தாள். "அப்பா, டேப்புக்குள்ள ஏன் விரலை விட்டிருக்கீங்க?"

"காலர் பிடிக்காம இருக்க வேண்டாமா?"

"உங்களுக்கு ஏதுப்பா காலர்?"

விரலை எடுத்தார்கள். பதினாலு. கொழுப்பு முப்பத்தொன்றரை. மனைவி சர்க்கரை டப்பாவை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"வீட்டாள் அளந்தா கை சொன்னபடி கேக்காது. தொழில் தெரிஞ்சவன் அளக்கட்டும்" என்று தையற்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கீழே கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த மைத்துனனைக் கூப்பிட்டார்.

காதில் சாக்பீஸோடு வந்தவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. டேப்பை ஒரு வீசு வீசினான். ஒரு சுற்று. கடையே அதிரும் குரலில், "இடுப்பு முப்பத்தாறு!" என்றான்.

தையற்காரர் முகத்தில் மூன்று கரண்டி சர்க்கரையும் கரைந்தது. "கேட்டியா? உன் தம்பிதான் சொல்றான்!"

மனைவி குனிந்து பார்த்தாள். தம்பியின் கட்டைவிரல் நாற்பதில் இருந்தது.

"டேய், நாப்பதுல விரலை வெச்சுக்கிட்டு முப்பத்தாறுங்கற?"

அவன் அத்தானைப் பார்த்தான். அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கூட்டா?" மனைவி டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். "வெக்கமா இல்ல? அந்த டாக்டரைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா? பத்து வருஷமா முப்பத்திநாலு, நூல் பிசகல!"

மைத்துனன் சாக்பீஸைக் காதில் சரியாகச் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னான்:

"அக்கா, கடையில நாங்க எல்லாருக்கும் நாலு அங்குலம் குறைச்சுத்தான் சத்தமா சொல்லுவோம். டாக்டருக்கு மட்டும் எட்டு."