கை பிரேக்குக்கு முன் ஒரு ஜெபம்

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு நாற்பத்திரண்டு. வானம் மூட்டமாக இருந்தது. தூறல் இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது. மலேசியாவின் தஞ்சோங் டாவாய் மீன் இறங்குதுறையில் என் கார் தானாக நகரத் தொடங்கியது. காருக்குள் நான் கண்களை மூடி உட்கார்ந்திருந்தேன். இதை நானே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்வதற்குக் காரணம் உண்டு. என் மனைவி ரோஸ்லின் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் குறட்டை விட்டதாகவும் சேர்த்துக்கொள்கிறாள். குறட்டை விடவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. "ஜெபம் பல் துலக்குற மாதிரி தானா வரணும்" என்றார் எங்கள் போதகர். முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் இப்படிச் சொல்லலாமா? பிரசங்கம் முடிவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் பதினொரு விநாடி, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மொத்தம் முப்பத்து மூன்று விநாடி. பல் துலக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். ஆண்டவரைவிட என் பற்களுக்கு ஏழு மடங்கு அதிக நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது. (மீதமிருப்பவை பத்தொன்பது பற்கள்தான் என்பது இன்னும் வருத்தம்.)

வருத்தம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம்தான் எங்கள் மகள் கிரேஸைப் பார்க்கத் தைப்பிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெரிய ஜெபவீரர் என்று கேள்வி.

"அவங்க வீட்டுல தினம் காலைல அஞ்சு மணிக்குக் குடும்ப ஜெபமாம்" என்றாள் ரோஸ்லின். "நம்ம வீட்டுல அஞ்சு மணிக்கு உங்க குறட்டதான்."

"அப்பா, அவரு உங்க ஜெப வாழ்க்கை எப்படி இருக்குன்னு கேப்பாரு லா" என்றாள் கிரேஸ். அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது.

கையில் ஆறு நாள் இருந்தது. அன்று மாலையே சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில், விரலில் மோதிரம் போல மாட்டும் எண்ணும் கருவி ஒன்று வாங்கினேன். அமுக்கினால் 'டிக்' என்று ஓர் எண் கூடும். திட்டம் எளிமையானது. ஏற்கெனவே தினமும் செய்கிற வேலை ஒவ்வொன்றோடும் ஒரு ஜெபத்தை ஒட்டவைப்பது. குழாயைத் திறந்தவுடன் கண்ணை மூடி ஒன்று. கேட்டைத் திறந்தவுடன் ஒன்று. கார் இன்ஜினை அணைத்தவுடன் ஒன்று. ஜெபம் முடியும்வரை எது நடந்தாலும் கண்ணைத் திறக்கக்கூடாது. முடிந்ததும் ஒரு டிக்.

திங்கட்கிழமை பதினான்கு. புதன்கிழமை இருபத்தாறு, வாளி நிரம்பிக் குளியலறைக்கு வெளியே தண்ணீர் வந்தது. வெள்ளிக்கிழமை முப்பத்தொன்பது, திறந்த கேட் வழியாக நாய் ஓடிப்போய் இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது. சனிக்கிழமைக்கு ஐம்பது என்று குறி வைத்தேன். ஐம்பது வந்துவிட்டால் அவர் கேட்கும்போது நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

சனிக்கிழமை விருந்துக்கு நல்ல மீனாக வாங்க ரோஸ்லினும் நானும் தஞ்சோங் டாவாய்க்குப் போனோம். படகுகள் நிற்கும் இடத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் பாதையில் காரை நிறுத்தினேன். ரோஸ்லின் கூடையோடு இறங்கிப்போனாள். என் கார் பழையது, கையால் கியர் போடுவது. இருபத்தேழு வருடமாக இன்ஜினை அணைத்ததும் என் இடது கை தானாகப் போய்க் கை பிரேக்கை இழுக்கும். அன்று அது போகவில்லை. வலது கையோடு சேர்ந்து கூப்பிக்கொண்டது.

"ஆண்டவரே, இந்த வரனைக் கூடி வரப்பண்ணும்" என்று ஆரம்பித்தேன். உடம்பு மெல்ல மிதப்பது போலிருந்தது. ஆவிக்குரியவர்கள் இப்படி ஓர் அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் வாய்த்துவிட்டது! அதுவும் ஆறே நாளில்!

வெளியே யாரோ கத்தினார்கள். "பாச்சிக்! பிரேக்! பிரேக்!" கவனத்தைச் சிதறடிப்பது சாத்தானின் வேலை என்று கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன். சாத்தான் ஏன் என்னை மலாயில் 'பாச்சிக்', மாமா, என்று கூப்பிட்டுக் கத்துகிறான் என்று யோசித்திருக்க வேண்டும்.

"என்னாங்க! காரு போவுது! கண்ணத் தொறங்க!" இது ரோஸ்லின்.

திறந்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஆறு மட்டும்தான் இருந்தது. "ஐயோ ஆண்டவரே!" என்று அலறிப் பிரேக்கை மிதித்தேன். கார் இரண்டு நண்டுக் கூடைகளை நசுக்கி, ஒரு சிமெண்டுத் தூணில் முட்டி நின்றது. கையை உதறிய வேகத்தில் விரலிலிருந்த கருவி ஜன்னல் வழியாகத் தண்ணீரில் போய் விழுந்தது. பிறகு அடிவைத்து அளந்தேன். கார் நகர்ந்தது பதினேழு அடி. தூணிலிருந்து தண்ணீர் வரை இரண்டு.

கூடைக்காரர், வயதான மலாய்க்காரர், என்னை உற்றுப் பார்த்துவிட்டு ரோஸ்லினிடம் கேட்டார். "மாபோக் கெ?" குடித்திருக்கிறாரா என்று.

"தாக். செம்பாயாங்" என்றாள் இவள். இல்லை, ஜெபம்.

மிகுந்த மரியாதையோடு அவர் சொன்னதை ரோஸ்லின் இன்றுவரை இப்படித்தான் மொழிபெயர்க்கிறாள்: "நாங்களும் ஒரு நாளைக்கு அஞ்சு தடவ தொழுவுறோம், பாச்சிக். ஆனா வண்டிய நிறுத்திட்டு."

மதியம் விருந்தில் மீன் இல்லை. மேசை முழுக்க நண்டு. மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "பிரதர், நீங்களே ஜெபிச்சிருங்க" என்றார். கிரேஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஏழு நிமிட ஜெபத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"ஆண்டவரே, காலைல என்னைத் தண்ணிக்குள்ள போவாம நிறுத்துனீங்களே, நன்றி. ஆமென்."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன தண்ணி, பிரதர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் முழுவதையும், குறட்டை உட்பட, சொல்லிவிட்டாள். ஜெபவீரருக்குச் சிரித்துப் புரையேறியது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டு அஞ்சு மணி ஜெபத்துல நான் பாதி நாள் தூங்கிருவேன், சம்பந்தி" என்றார். சம்பந்தி! கிரேஸ் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் சாப்பாட்டுக்கு முன் கைகூப்பினாலும் மருமகன் கேட்கிறான், "மாமா, வண்டிய நிறுத்தியாச்சா?" நிறுத்தியாகிவிட்டது என்று நான் சொல்லும்வரை ஒருவரும் கண்ணை மூடுவதில்லை.

கை பிரேக்கை இழுக்கும்போதெல்லாம் 'நன்றி' என்று வாயில் தானாக வருகிறது. அதை நான் எண்ணுவதில்லை. எண்ணியிருந்தால் இதற்குள் எத்தனை ஆகியிருக்கும் என்ற அரிப்பு மட்டும் போகவில்லை. மற்றதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. பம்பர் இருநூற்று எண்பது, நண்டு இரண்டு கூடை தொண்ணூற்றாறு, ஆற்றில் போன கருவி ஒன்பது தொண்ணூறு. ஆக மொத்தம் முந்நூற்று எண்பத்தைந்து ரிங்கிட் தொண்ணூறு சென்.