மிஸிஸ் பெல்லின் ஹெம்லொக் மரத்தை நான் காப்பாற்றிய விதம்

லண்டனில் அறை தேடிப் போகிறவன் அரிச்சந்திரனாக இருக்க ஏலாது. மீன் பொரிக்க மாட்டோம், ஆட்கள் வந்து தங்க மாட்டினம், எட்டு மணிக்கே படுத்துவிடுவோம் என்று எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் பிளேஸ்டோவில் மிஸிஸ் பெல்லிடம் சொன்ன பொய் கொஞ்சம் பெரிசு. எங்களுடையது விவசாயப் பரம்பரை என்று சொல்லிவிட்டேன்.

(அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். எங்கள் வளவில் பச்சையாக இருந்தது வாசல் கேற் மட்டும்தான்.)

அது எண்பதுகளின் கடைசி. கலியாணம் முடித்து மூன்றாம் மாதமே நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். மனைவி சாந்தி கொழும்பில் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விசா எடுப்பதென்றால், வந்தால் தங்க இடமிருக்கிறது என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். நானோ ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் நாலு பேரோடு முறை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தேன். மிஸிஸ் பெல் ஓய்வுபெற்ற ரீச்சர். கணவர் இறந்த பிறகு தனியே இருந்தா. மேல்மாடியில் இரண்டு அறை வெறுமையாகக் கிடந்தது. ஆனால் அறையைக் காட்டுவதற்கு முதல் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தைத்தான் காட்டினா.

ஹெம்லொக் என்று பெயர். அமெரிக்கப் பக்கத்து மரமாம். சவுக்கு மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, ஊசி ஊசியாய் இலைகளோடு கிளைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. கணவர் தன் கையால் நட்டது என்றா. இலையடியில் பஞ்சு ஒட்டினமாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது. அது பூச்சியாம். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததாம். இங்கே அதுக்கு எதிரி இல்லையாம். வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சிக் குடித்து, குடும்பமாய்ப் பெருகுதாம். (வெளிநாட்டிலிருந்து வந்து, குடும்பத்தையும் கூப்பிட அலைந்துகொண்டிருந்த நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.) இதுகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டா. அப்போதுதான் அந்த விவசாயப் பரம்பரை என் வாயிலிருந்து வந்தது.

அறை கிடைத்தது. கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நாள் இருங்கள், பார்ப்போம் என்றா. நியாயம்தானே, என்னை எவ்வளவு தெரியும் அவாவுக்கு?

ஒருநாள் தபாலில் சின்னப் பெட்டியொன்று வந்தது. உள்ளே உயிரோடு வண்டுகள்! எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு உடம்பு, செம்மஞ்சள் தலை. பஞ்சுப் பூச்சிகளைத் தின்பதற்கென்றே வளர்த்து விற்கிறார்களாம். பூர்வீகம் அவுஸ்திரேலியா. (மரம் அமெரிக்கா, வண்டு அவுஸ்திரேலியா, வாடகைக்காரன் யாழ்ப்பாணம். அந்த வளவில் மண்ணும் மிஸிஸ் பெல்லும் மட்டும்தான் இங்கிலாந்து.) வண்டுகளை மரத்தில் விட்டுவிட்டு, சில நாளில் மூன்று கிழமைக்குத் தங்கச்சி வீட்டுக்கு வெளிக்கிட்டா. மருந்து அடிக்க வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா பார்த்துக்கொண்டால் போதும் என்று இரண்டுதரம் சொன்னா. திரும்பி வந்ததும் கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னா.

எனக்கு எதுவும் ஏலும், சும்மா இருக்க மட்டும் ஏலாது.

இரண்டாம் கிழமை போய்ப் பார்க்கிறேன், வண்டு ஒன்றையும் காணோம். வெள்ளைப் பூச்சிதான் இருந்தது. அதுவும் எப்படி? முந்தி அசையாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது, இப்போது சிலது நாலு மடங்கு கொழுத்து, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சோடு கிளையில் உலாப் போகுது. மரம் செத்தால் கடிதமில்லை. கடிதமில்லாவிட்டால் சாந்தி இல்லை.

பழைய அறையில் என்னோடு இருந்த குகனைக் கூப்பிட்டேன். அவன் மெய்யாகவே புகையிலைத் தோட்டக்காரக் குடும்பம். மருந்து அடிக்கக் கூடாதென்றால் கையால் பொறுக்கு, ஊரில் புழுவை அப்படித்தான் பொறுக்குவோம் என்றான். சின்னதுகளை என்ன செய்வது என்று கேட்டேன்.

"முதல்ல பெரிசுகளைப் பிடியடா. அதுகள்தான் இனம் பெருக்கிறது," என்றான்.

கோடைகாலம், வேலை முடிந்து வந்தாலும் வெளிச்சம் கிடக்கும். ஐந்து நாள் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து, சவர்க்கார நுரைத் தண்ணி விட்ட ஜாம் போத்தலில் போட்டேன். கழுத்து உளுக்கிவிட்டது. போத்தலை எறியவில்லை. செய்த வேலைக்கு அத்தாட்சி வேண்டாமா? துண்டு ஒட்டித் திகதியும் எழுதி வைத்தேன்.

மிஸிஸ் பெல் திரும்பி வந்தபோது, அவா பயணப் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னமே போத்தலை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு மெல்லக் கதிரையில் இருந்தா.

"இதுகள் அந்த வண்டுகளின் பிள்ளைகள்," என்றா. "பார்க்க அந்தப் பூச்சி மாதிரியே இருக்கும். அப்படியிருந்துதான் அதுகளைத் தின்னும்."

வண்டுகள் முட்டையிட்டு, பிள்ளைகள் பிறந்து, அதுகள் கொழுகொழுவென்று வளர்ந்து மரத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு வந்த நேரம் பார்த்து, கள்ளரை விட்டுவிட்டுக் காவல்காரரைப் பிடித்திருக்கிறேன். ஒன்று விடாமல்! அவா ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். போத்தலில் ஒட்டியிருந்த திகதியை வாசித்துவிட்டு, உங்கள் வீட்டில் என்ன பயிர் செய்தார்கள் என்று மட்டும் கேட்டா.

"அப்பா கந்தோரில வேலை செய்தவர், மிஸிஸ் பெல். எனக்கு ஒரு செடியும் தெரியாது. மனுசியைக் கூப்பிட வேணுமெண்டுதான் பொய் சொன்னனான்."

அவா போத்தலை மேசையில் வைத்தா. பிறகு எழும்பி உள்ளே போய்விட்டா. வெளியே போகத்தான் சொல்லப்போறா என்று நினைத்து, நான் மேலே போய் உடுப்பு மடிக்கத் தொடங்கினேன். அந்த நேரம் சாந்தியை நினைத்து அழுதேன், அதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அரை மணித்தியாலத்தில் கதவைத் தட்டி, விசாவுக்கு அனுப்புங்கள் என்று ஒட்டின கவரொன்றைத் தந்தா. திறந்து பார்க்கப் பயந்து அப்படியே கொழும்புக்கு அனுப்பினேன்.

விசா அதிகாரி அதைப் படித்துவிட்டு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாராம். பிறகு சாந்திக்கே வாசித்துக் காட்டினாராம். இரண்டு அறை இருக்கிறது, ஆள் நேர்மையானவர் (கொஞ்சம் பிந்தித்தான் என்றாலும்) என்று எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தாவாம்: "இவர் செய்யும் உதவிகளைக் கண்காணிக்க இங்கே அவசரமாக ஒருவர் தேவை. இவருடைய மனைவியை இயன்றளவு விரைவில் அனுப்பிவையுங்கள்."

விசா கிடைத்தது. மிஸிஸ் பெல் இன்னொரு பெட்டி வண்டு எடுப்பித்தா. அவாவும் சாந்தியும் மரத்தடியில் கதிரை போட்டிருந்து காவல் காத்தார்கள். எனக்கு யன்னலுக்கு உள்ளே நின்று பார்க்க அனுமதி. மரம் தப்பிவிட்டது.

இப்போது இல்ஃபோர்டில் எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினால் போதும், மகள் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் குடுப்பாள்: "அம்மா, கெதியா வாங்கோ, அப்பா உதவி செய்யப் போறார்!"