நான் ஆற்றிய வரவேற்புரை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஒலிபெருக்கியின் முன் நிற்பவனுக்குத் தன் குரலைப் போல் இனிப்பது வேறெதுவுமில்லை. எண்பதுகளில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் இயங்கிய எங்கள் கலை மன்றத்திற்கு நான் செயலாளர். தலைவர் மளிகைக் கடைக்காரர். பொருளாளர் இரயில்வே எழுத்தர். மூவருக்கும் ஆடத் தெரியாது, பாடத் தெரியாது. ஆகவே நிர்வாகம் செய்தோம்.

அவ்வாண்டு விழாவை ஒரு வாடகை மண்டபத்தில் நடத்தினோம். என் தங்கை மகள் கோமதி முதன்முதலாகத் தனித்து நடனமாட இருந்தாள். அவள் தந்தை, என் மாப்பிள்ளை முனியாண்டி, போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு இறக்கும் தொழிலாளி. இரவு வேலைக்குமுன் மகள் ஆடுவதைப் பார்த்துவிடத் தம் ஊரான மேருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அஞ்சரைக்கெல்லாம் நான் கெளம்பணும். லேட்டா போனா உள்ள விடமாட்டான். புள்ள ஆட்டத்த முன்னுக்கே போட்டுருங்க லா."

"நாலரைக்கு மேடையில நிப்பா மாப்ள. நான்தான செக்ரட்டரி?" என்றேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம். நன்கொடையளித்த ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தியாக வேண்டும். ஒருவரை விட்டாலும் மறுவருடம் அவர் வேறு மன்றத்துக்காரர். அன்று பொன்னாடைகள் பாதியிலேயே தீர்ந்தன. பொருளாளர் திரைக்குப் பின்னால் நின்று, இறங்கி வருபவர்களிடம் "மடிச்சுத் தரேண்ணே" என்று பணிவுடன் கழற்றி வாங்கி, மறுபக்கமாக மேடைக்கு அனுப்பினார். (ஓர் இரும்புக் கடைக்காரர் மட்டும் விடவில்லை. இருவரும் இழுத்த இழுப்பில் திரையே ஆடியது. அன்று மேடையில் நிகழ்ந்த முதல் ஆட்டம் அதுதான்.)

அடுத்தது என் வரவேற்புரை. சிறப்பு விருந்தினர் வரும்வரை இழுக்கும்படி தலைவர் காதில் ஓதினார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சொந்தமாகத் தேடிச் சேர்த்த அருஞ்சொற்கள் யாவும் வெளியேறத் துடித்தன. சங்க காலத்தில் தொடங்கினேன். சோழர் கப்பல் கடாரத்தை நெருங்குகையில், பின்வரிசையில் மாப்பிள்ளை எழுந்து நின்று கையை உயர்த்தினார். நெஞ்சு பூரித்தது. அவரையே எழுப்பி நிறுத்திவிட்டதே என் தமிழ்! அவர் கையை ஆட்டினார். நான் குரலை உயர்த்தினேன். மேலும் ஆட்டினார். அவர்பொருட்டு அந்தக் கப்பலை இன்னொருமுறை கரைசேர்த்தேன். மீண்டும் நோக்கியபோது நாற்காலி காலியாக இருந்தது.

பின்னர் சிறப்பு விருந்தினர் வந்தார். அவருக்காக வரவேற்பு முழுவதும் மறுபடி நடந்தது. கோமதி மேடையேறியபோது, அடுத்து மண்டபத்தை எடுத்திருந்த கல்யாண வீட்டாரின் சோற்று அண்டாக்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. விருந்துக்கு வந்தவர்கள் அவளைத் தங்கள் ஏற்பாடென்றே எண்ணி மனமாரக் கைதட்டினார்கள்.

மாப்பிள்ளை என் பேச்சில் சொக்கிப்போனதைத் தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவரு வாட்ச்சக் காட்டினாருண்ணே," என்றாள் தங்கை. 

மன்னிப்புக் கேட்க மேருவுக்குச் சென்றேன். மாப்பிள்ளை காப்பி கொடுத்தார்.

"விடுங்க மச்சான். நானும் கப்பல் எறக்கத்தான போனேன். என்ன, ஒங்க சோழன் கப்பல்ல சரக்கு ஜாஸ்தி."

கோமதி அவ்வாண்டே மருத்துவமனைத் தாதியர் பயிற்சிக்குச் சென்றுவிட்டாள். பிறகு ஆடவில்லை. மகளை மேடையில் காணும் வாய்ப்பு அவருக்கு மறுபடி அமையவேயில்லை.

கோமதியின் திருமணத்தில் நான் வாழ்த்துரைக்க எழுந்தபோது, மாப்பிள்ளை மணவறையருகே நின்று கையை உயர்த்திக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கோமதிதான் முதலில் சிரித்தாள். அன்று முதல், நான் எங்கு பேச எழுந்தாலும் குடும்பமே கையைத் தூக்கி மணிக்கட்டைத் தட்டும். (கடிகாரமே கட்டாத பொடியன்களும்தான்.)

மாப்பிள்ளையின் கருமாதியன்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். ஒரு கையும் உயரவில்லை. அன்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன்.

மன்றம் இன்றும் நடக்கிறது. பேச எழும் ஒவ்வொரு செயலாளரின் கண்ணிலும் படும்படி, ஒலிபெருக்கி வைத்திருக்கும் அலமாரியிலேயே இக்கட்டுரையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு இன்றைய நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.